நல்ல காலும் மற்ற காலும்

முழங்காலைத் திறந்து தைக்கிற மருத்துவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கைகழுவிக்கொண்டு போய்விடுவார். அதன்பின் அந்தக் காலோடும், காலுக்கு உரியவரோடும், அவருடைய பயிற்சியாளரோடும் மாதக்கணக்கில் வாதாடிக்கொண்டிருப்பதற்குப் பெயர் பிசியோதெரபி.

"இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதையே பிழைப்பாகக் கொண்ட அனைவரும் என் இனத்தவர். பல்லுக்குக் கம்பி கட்டுகிறவர்கள், சுவர் காய்ந்த பிறகுதான் வண்ணம் என்று சொல்லித் திட்டு வாங்குகிறவர்கள், கான்கிரீட்டுக்கு இன்னும் தண்ணீர் ஊற்றச் சொல்கிற மேஸ்திரிகள் ஆகியோருக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் என் சிகிச்சை நிலையம் இருக்கிறது. ஆடுகளத்தில் காலைப் பறிகொடுத்து அங்கே வந்தவர்களும், அவர்களைச் சூழ்ந்திருந்தவர்களும் சொல்லக் கேட்டவை இவை. பெரும்பாலானவை ஒரே பெண்ணைப் பற்றியவை.

மாடிப்படி

கால் முடியாதவர்களுக்கான நிலையத்தை மாடியில் வைத்திருப்பது ஏன் என்று என்னைக் கேட்காதவர் இல்லை. கீழ்த்தளம் கிடைக்கவில்லை என்பதே உண்மை. கேட்பவர்களுக்கு நான் சொல்வது வேறு: படியேறுவதுதான் முதல் பாடம். ஊன்றுகோலோடு வருகிறவர் ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது மற்ற காலை. யாருடைய காலையும் அவர் காதுபடக் 'கெட்ட கால்' என்று சொல்லக் கூடாது என்பது என் நிலையத்தின் விதி. ஆகவே எங்களிடம் நல்ல கால் ஒன்று உண்டு, மற்ற கால் ஒன்று உண்டு.

இந்த விளக்கத்தை ஏற்காதவர் முருகேசன் பயில்வான். ஒரு காலத்தில் கரடி மனையில், அதாவது இங்குள்ள குஸ்திக் கூடத்தில், மண்ணில் புரண்டு வளர்ந்தவர். முழங்கால் கிழிந்து ஆறுவதற்குள் தசராக் குஸ்தியில் இறங்கியவர். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் காவல் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். மழைக்காலம் வந்தால் முழங்கால் அவரை என்னிடம் அனுப்பிவிடும். பாதிப் படியில் நின்று, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, கீழே பாத்திரக்கடைக்காரருக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்: "மேல ஏறி வர முடிஞ்சா நான் எதுக்கு டாக்டரம்மா உங்ககிட்ட வரேன்?"

அப்பாவின் கேள்வி

கோகிலா அந்தப் படிகளை முதன்முதலில் ஏறியபோது பின்னால் அவளுடைய அப்பா, விழுந்தால் தாங்கிக்கொள்வதற்காக இரு கைகளையும் விரித்தபடி வந்தார். ஹனூர்ப் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர். மகள் கபடி ஆடுகிறவள். எதிரணிக்குள் பாடிப் போய்த் தொட்டுவிட்டு மீள்கிற ரெய்டர். ஒரு ரெய்டில் எதிராளி அவள் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, இடுப்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. இரண்டுக்கும் இடையில் இருந்த முழங்கால்தான் விலை கொடுத்தது. உள்ளே எலும்புகளைப் பிணைத்திருக்கும் நார், லிகமெண்ட், அறுந்துவிட்டது.

அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் ஓர் அரசுத் துறையின் மகளிர் அணித் தேர்வு வரவிருந்தது. அதற்கான வயது வரம்பில் அவளுக்கு அதுவே கடைசி ஆண்டு. தேர்வானால் சீருடையும் நிரந்தர வேலையும். இல்லையென்றால் அவளுடைய அக்கா போகும் கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையில் அக்காவுக்குப் பக்கத்துத் தையல் இயந்திரம். இதை எனக்குச் சொன்னவர் அப்பா. கோகிலா சுவரில் ஒட்டியிருந்த முழங்கால் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் படத்தைக் காட்டி அவருக்கு விளக்கினேன். அறுந்த நாரைத் தைத்தால் ஒட்டாது. எனவே அதே காலில், தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்து, முழங்காலுக்குள் புதிதாகப் பூட்டியிருக்கிறார்கள். அவர் நெடுநேரம் யோசித்தார். எத்தனையோ படித்தவர்களுக்கு இதே விளக்கத்தைச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. "அப்பறம் தொடையில அது பாத்துட்டிருந்த வேலைய இனி யாருங்க பாக்கறது?"

வலி இல்லாத காலம்

எங்கள் தொழிலின் கொடுமையான பகுதி, நோயாளிக்கு வலி நிற்கிற நாளில் தொடங்குகிறது. இடம்மாற்றிப் பூட்டிய நார் உள்ளே முதலில் நலிந்து இளகும். பிறகுதான் மெல்ல உயிர் பிடித்து இறுகும். அது மிகவும் நலிந்திருக்கும் வாரங்களிலேயே வீக்கம் வடிந்து, நடை சீராகி, வலியும் போய்விடும். குணமாகிவிட்டது என்று நோயாளிக்குத் தோன்றும் நேரமும், எதையும் செய்யக் கூடாத நேரமும் ஒன்றே. இதை நம்ப வைக்க உலகில் எந்தப் படமும் இல்லை.

கோகிலா ஒரு மாலை வந்தபோது முழங்கால் உப்பியிருந்தது; தொட்டால் சுட்டது. படியில் வழுக்கிவிட்டதாகச் சொன்னாள். படியில் வழுக்குகிறவர்களுக்கு முழங்கையில் கபடி விரிப்பின் சிராய்ப்பு வராது. நான் எதுவும் கேட்காமல் பனிக்கட்டிப் பையை வைத்துவிட்டு, அவளுடைய விடுதிப் பயிற்சியாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். கன்னடக்காரர், என்னிடம் மட்டும் மரியாதைக்காகத் தமிழுக்கு மாறுவார். 'அவ்வளவுதான்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் இந்த ஊரில் எல்லோருக்கும் கன்னடமே வாயில் வரும். மிகப் பொறுமையாக என்னைச் சமாதானப்படுத்தினார்: "பிராக்டிஸ் எல்லாம் இல்ல மேடம். சும்மா கோர்ட்ல நிக்க வெச்சேன். எதிர்ல ஏழு பேர் நின்னாங்க, அஷ்டே."

திரும்பி வந்தவர்கள்

இப்போதெல்லாம் நோயாளிகள் கைப்பேசியைக் காட்டாமல் காலைக் காட்டுவதில்லை. வெளிநாட்டுக் கால்பந்தாட்டக்காரர் ஒருவர் கட்டிலில் கிடப்பார். அடுத்த நொடியில் தண்ணீர்த் தொட்டியில் ஓடுவார். அதற்கடுத்த நொடியில் கோல் போட்டுக் கைகளை விரிப்பார். பின்னணியில் இசை முழங்கும். அவருக்கென்றே தனி மருத்துவரும் தனிச் சமையற்காரரும் இருப்பதை அந்த இசை சொல்லாது. கோகிலா தங்கியிருந்த விடுதியில் இரவு உணவு அநேகமாகச் சோறும் சாம்பாருமே. தசை வளர்வதற்கு முட்டை சாப்பிடச் சொன்னால், "ஞாயித்துக்கிழமை போடுவாங்க அக்கா" என்பாள்.

ஒரு நாள் கணுக்காலில் எடைப்பட்டையைக் கட்டி, காலைத் தூக்கி இறக்கிக்கொண்டே அப்படியொரு காணொளியை எனக்குக் காட்டினாள். பக்கத்துக் கட்டிலில் பயில்வான் வெந்நீர் ஒத்தடத்தில் இருந்தார்.

"பாருங்க அக்கா, நீங்க சொல்ற காலத்துல பாதிதான் ஆச்சு இவருக்கு."

"இவரைப் போல முயன்று, திரும்பி வராமல் போனவர்களின் காணொளி இருந்தால் அதையும் காட்டு" என்றேன்.

அவள் சீரியஸாகவே தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. பயில்வான் ஒத்தடத் துணியை விலக்கி, தன் முழங்காலை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். "எதுக்கும்மா தேடுற? இத எடுத்துப் போடு."

தாவல்

ஆடுகளத்துக்குத் திரும்பலாமா என்பதை முடிவுசெய்ய எங்களிடம் பல சோதனைகள் உண்டு. அவற்றுள் எளிமையானது ஒற்றைக்காலில் தாவுவது. நல்ல காலால் ஒரு முறை, மற்ற காலால் ஒரு முறை. இரண்டு தூரங்களையும் ஒப்பிட வேண்டும். மற்ற கால் நல்ல காலுக்கு ஏறக்குறைய இணையாகத் தாவினால் ஓரளவு நம்பலாம். நல்ல கால்தான் எங்கள் அளவுகோல். அளவுகோலையே யாரும் குறைத்துவிட முடியும் என்று இந்தச் சோதனையை வகுத்தவர்களுக்குத் தோன்றவில்லை போலும். அவர்கள் கபடி ரெய்டர்களோடு பழகியிருக்க மாட்டார்கள்.

தேர்வுக்கு முன் கோகிலாவைத் தாவச் சொன்னேன். என் உதவியாளர் ரம்யா அளவுநாடாவைப் பிடித்தாள். இரண்டு கால்களும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இறங்கின. ரம்யா மகிழ்ச்சியில் கைதட்டப் போனாள். எனக்கு அந்தச் சமம் பிடிக்கவில்லை. முந்தைய சோதனையில் அவளுடைய நல்ல கால் ஜன்னலுக்கு நேரான தரைக்கல்லைத் தாண்டியிருந்தது. இன்று அந்தக் கல்லுக்கு வெகு முன்னதாகவே அது மெத்தென்று இறங்கி நின்றது. இத்தனை பயிற்சிக்குப் பிறகு நல்ல கால் பின்னோக்கிப் போவதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். போகிற மாதிரி காட்டிப் போகாமல் இருப்பதும், போகாத மாதிரி காட்டிப் போய்விடுவதும் அவளுடைய ஆட்டத்தின் அடிப்படை. அதை என் தரைக்கற்களின் மேல் ஆடிக் காட்டியிருக்கிறாள்.

"நல்ல காலுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டேன். பிடிபட்ட முகத்தோடு நிற்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, விஷயம் தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: "நல்ல கால யாரு அக்கா கேக்குறா? ஆஸ்பத்திரில, கோச் சாரு, அப்பா, நீங்க, எல்லாரும் இதத்தானே பாக்குறீங்க."

வயது

மறுபடி தாவச் சொன்னேன், இந்த முறை உண்மையாக. நல்ல கால் பறந்தது. மற்ற கால் பாதி வழியில் தயங்கி இறங்கியது. இறங்கும்போது முழங்கால் உட்பக்கமாகச் சாய்ந்தது. ஆடலாம் என்று என்னால் கையெழுத்திட முடியாது என்று சொன்னேன். அவள் வாதாடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, எடைப்பட்டையின் ஒட்டுப்பட்டியைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தாள். அந்தக் 'கிர்க்' ஒலியை நிறுத்தச் சொல்லும் துணிவு ரம்யாவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

பிறகு நான் என் தொழிலின் வாக்கியத்தைச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள். இந்தக் கால் முழுதாகத் தேறிவிடும். அடுத்த ஆண்டு நீ பழைய கோகிலாவாக ஆடலாம். இந்த வாக்கியத்தில் மருத்துவப் பிழை எதுவும் இல்லை. அவள் ஒட்டுப்பட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அடுத்த வருஷம் கால் நல்லா இருக்கும் அக்கா. எனக்குத்தான் வயசு இருக்காது."

பயில்வானின் கட்சி

என் கையெழுத்து ஒன்றும் ஊரில் ஒரே கையெழுத்து அல்ல. பயிற்சியாளர் வேறொருவரிடம் அவளை அழைத்துப் போனார். அங்கே தாவச் சொல்லவில்லை. உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னார்களாம், அவளும் எழுந்துவிட்டாளாம். கையெழுத்து கிடைத்தது.

இதைக் கேட்டுப் பயில்வான் என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். அவசரப்பட்டு இறங்கிய காலுக்கு அவரைவிட நல்ல சாட்சி யார்? ஆனால் அவர் என்மேல் வருத்தத்தில் இருந்தார். அந்தக் கையெழுத்தை நானே போட்டிருக்க வேண்டுமாம். முன்பின் தெரியாத ஆளிடம் பெண்ணை அலையவிட்டது தவறாம். உங்கள் முழங்காலைப் பார்த்த பிறகுமா இப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் வேட்டியை முழங்காலுக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டார். "அன்னிக்கு நான் ஜெயிச்சேன் டாக்டரம்மா. மைக்ல என் பேரச் சொன்னான். அதுக்கப்பறம் முட்டி போச்சு, சரி. எறங்காம இருந்திருந்தா முட்டி இருந்திருக்கும், வேற என்ன இருந்திருக்கும்?"

தொலைபேசி

தேர்வு நாளன்று பிற்பகலில் பயிற்சியாளர் அழைத்தார். அவர் குரலில் துக்கத்தைவிட ஒருவித நியாயம் அதிகமாக இருந்தது. முதல் இரண்டு ரெய்டுகளிலும் கோகிலா புள்ளி எடுத்தாளாம். மேசையில் இருந்த தேர்வாளர்கள் தலையை நிமிர்த்திப் பார்த்தார்களாம். மூன்றாவது முறை பாடிப் போனபோது, அறுவை செய்த காலைக் காப்பாற்றுவதற்காக முழு உடம்பையும் நல்ல காலின் மேல் வாங்கித் திரும்பியிருக்கிறாள். யாரும் அவளைத் தொடவில்லை. தொடுவதற்கு ஆள் நெருங்கவும் இல்லை. உள்ளே ஒரு சத்தம், உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சத்தத்தை அவள் முன்பே ஒரு முறை கேட்டிருக்கிறாள் என்பதால் மற்றவர்கள் ஓடி வருவதற்குள் அவளே கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறாள்.

தேர்வானவர்களில் அவள் இல்லை. இருக்கவும் முடியாது. இதையெல்லாம் சொல்லி முடித்த பயிற்சியாளர், எனக்கும் அவருக்கும் இடையிலான பழைய வழக்கில் தீர்ப்பு அவர் பக்கம் வந்துவிட்டதுபோலச் சொன்னார்: "நீங்க பயந்த காலுக்கு ஒண்ணுமே ஆகல, மேடம்."

கீழே

அவளுடைய அப்பா படியடியில் நின்று குரல் கொடுத்தபோது, அந்தக் குரலிலேயே அவர்கள் ஏறப் போவதில்லை என்று தெரிந்தது. ஏறுவதானால் நல்ல கால் முதலில். எதை நல்ல கால் என்று சொல்லி அவளை ஏறச் சொல்வது? இந்த முறை நான் இறங்கினேன். பாத்திரக்கடைக்காரர் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டிருந்தார். அடுக்கிய குக்கர்களுக்கும் இட்லிப் பாத்திரங்களுக்கும் நடுவில் கோகிலா இரண்டு கால்களையும் நேராக நீட்டி உட்கார்ந்திருந்தாள். இந்தத் தொழிலில் முதன்முறையாகத் தரையில் மண்டியிட்டு, போகிற வருகிற ஸ்கூட்டர்களின் இரைச்சலில் ஒரு முழங்காலைப் பரிசோதித்தேன். பரிசோதிக்க அதிகம் இருக்கவில்லை. பிடித்து நிறுத்த உள்ளே நார் இல்லாததால், எலும்பு என் கைக்குத் தடையில்லாமல் முன்னால் வந்தது.

"இதுக்கும் தொடையில இருந்துதான் எடுப்பாங்களாங்க?" என்று அப்பா கேட்டார்.

"பெரும்பாலும் அப்படித்தான்."

"அப்ப ரெண்டு தொடையிலயும் வேலைக்கு ஆள் கொறவு" என்றார். அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அறுவை முடிந்து நடமாட்டம் வந்ததும் அவள் அக்காவோடு கார்மெண்ட்ஸுக்குப் போகலாமா, அங்கே நாள் முழுக்க மிதியை அழுத்த வேண்டுமே, எந்தக் காலால் அழுத்துவது என்று கேட்டார். எந்தக் காலாலும் அழுத்தலாம், பயிற்சி கொடுக்கிறேன் என்றேன். நான் கொடுத்த ஒரே நல்ல செய்தி அதுதான். அவர் தலையசைத்து, ஆட்டோ பார்த்து வருவதாகச் சொல்லித் தெருவுக்குப் போனார்.

கோகிலா என் கையில் இருந்த முழங்காலையும் அதற்குப் பக்கத்தில் கிடந்த, நான் மாதக்கணக்கில் தேற்றிய முழங்காலையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றில் பழைய தழும்பு, மற்றொன்றில் புதிய வீக்கம். அப்பா தொலைவில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்: "இப்ப தாவச் சொல்லுங்க அக்கா. ஏமாத்தாமலே ரெண்டும் சமமா வரும்."

என் தொழிலில் நல்ல கால் என்று நாங்கள் சொல்வது, இன்னும் முறை வராத காலைத்தான்.